சவரியப்பன் மரத்துல தொங்குன நட்சத்திரங்க

ஏரிக்கரை சவுக்குத் தோப்புல சவரியப்பன்னு ஒரு தூக்கணாங்குருவி இருந்தான். பின்னுறதுல அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஊரு சொல்லுச்சோ இல்லையோ, அவனே சொல்லிக்குவான். தூக்கணாங்குருவிங்க வழக்கம் தெரியும்ல, ஆம்பளை கூடு கட்டணும், பொம்பளை வந்து உள்ள பூந்து பாத்துப் பிடிச்சிருந்தாத்தான் கல்யாணம். அவன் பொண்டாட்டி ஞானப்பூ மூணு கூட்டை வேண்டாம்னுட்டு நாலாவதுக்குத்தான் தலையாட்டினா. அந்த மூணு கூட்டைப் பத்தி அவன்கிட்ட யாரும் கேக்கக் கூடாது. நாமளும் கேக்க வேண்டாம்.

ஏரிக்கு அக்கரையில ஒரு மாதா கோயில். அங்க கிறிஸ்துமஸ் மரம் வைக்கிறதைப் பாத்துப் பாத்து, இக்கரைப் பறவைங்களும் ஆளுக்கொரு சவுக்கு மரத்தைப் பிடிச்சு ஜோடிக்க ஆரம்பிச்சிருந்துச்சுங்க. ஒரே ஒரு சட்டம்தான். தொங்க விடுறதை எல்லாம் குஞ்சுங்க கையாலதான் செய்யணும். பண்டிகை அன்னைக்குக் காலையில, பனிமலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்து தங்கியிருக்கிற வாத்துப் பெரியம்மா ஒவ்வொரு மரமாப் பாத்துக்கிட்டே வருவா. எது மனசுக்குப் பிடிக்குதோ அதுக்கடியில உக்காந்து வழியில நடந்த கதையெல்லாம் சொல்லுவா. அவ புருஷன் ஒரு தரம் மேகத்தைப் பஞ்சு மூட்டைன்னு நினைச்சு அதுல உக்காரப் போயி, நேரா ஒரு எருமை முதுகுல வந்து விழுந்தாராம். எருமை எழுந்திருக்கவே இல்லையாம், அவ்வளவு சோம்பேறி. சரி, அது கிடக்கட்டும்.

போன வருஷம் பெரியம்மா போய் உக்காந்தது காக்கா திரேசம்மா மரத்தடியில. அந்த மரத்துல என்ன தொங்குச்சு? சோடா மூடி, உடைஞ்ச வளையல், ஒத்தைச் செருப்பு வாரு. சவரியப்பனுக்கு அன்னையில இருந்து தொண்டையில இரை இறங்கலை. செருப்பு வாருகிட்டயா தோத்தோம்! இந்த வருஷம் பெரியம்மா தன் மரத்தடியிலதான் உக்காரணும்னு ஒரே வீம்பு.

அவனுக்கு ரெண்டு குஞ்சு. மூத்தவன் லூர்து, சின்னவ அமலி. லூர்து பனையோலையைக் கிழிச்சு ஒரு நட்சத்திரம் பின்னினான். நாலு முனை சரியா வந்துச்சு, அஞ்சாவது மட்டும் சுளுக்குன காலு மாதிரி பக்கவாட்டுல இழுத்துக்கிட்டு நின்னுச்சு. அமலி இலவம்பஞ்சுல தேவதை செஞ்சா. நூல் வேணும்னு சிலந்திகிட்ட போய்க் கேட்டிருக்கா. சிலந்தி, "உங்கப்பா என்னைத் தின்ன மாட்டார்னு எழுதிக் கொடு"ன்னு கேட்டு, அதுக்கப்புறம்தான் ரெண்டு முழம் கொடுத்துச்சு. அதுவும் விவரமான ஆளுதான்.

சவரியப்பன் ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாத்தான். "ரொம்ப அழகு. அப்பா ஒரே ஒரு முடிச்சு மட்டும் சரி பண்ணித் தரவா?"

பிள்ளைங்க பாட்டுப் பழகப் போயிருந்த நேரத்துல அந்த ஒரு முடிச்சை அவுத்தான். அவுத்தா அடுத்தது தளர்ந்துச்சு. அதையும் இழுத்தான். அவன் அலகு எங்க ஆரம்பிச்சாலும் பழகுன வழியிலதான் போகும், மேல ஒரு குண்டு வயிறு, கீழ ஒரு நீளக் குழாய். பிள்ளைங்க திரும்பி வந்தப்போ நட்சத்திரம் இருந்த இடத்துல அச்சடிச்ச மாதிரி ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

லூர்து அதைச் சுத்திச் சுத்தி வந்தான். "அப்பா, இதுல வாசல் இருக்கே."

"கொஞ்சம் உறுதியாக்கியிருக்கேன்டா. மழைக்குத் தாங்கும்."

அமலி தன் தேவதையைத் தேடுனா. அவ உள்ள இருக்கா, குளிருக்கு இதமா விரிச்சு வச்சிருக்கேன்னு அப்பன் சமாதானம் சொன்னான். அமலி எட்டிப் பாத்தா. பஞ்சு மெத்தைதான் தெரிஞ்சுச்சு.

மறுநாளும் பிள்ளைங்க செஞ்சுச்சுங்க, அவன் திருத்தினான். அதுக்கு மறுநாள் அவன் ஓலை கிழிச்சுக் கொடுத்தும் லூர்து வாங்கலை. "நீங்களே செஞ்சிருங்கப்பா. எப்படியும் நீங்கதானே செய்யப் போறீங்க"ன்னுட்டான். பிள்ளைக்கு அப்பன் மேல என்ன ஒரு மரியாதைன்னு சவரியப்பனுக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஞானப்பூ மட்டும், மரம் ஜோடிக்கிறீங்களா, காலனி கட்டுறீங்களான்னு கேட்டா. உனக்குக் கூட்டைக் கண்டாலே குறைதான் தெரியும்னு அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

பண்டிகையும் வந்துச்சு. மரத்துல அவனே பின்னித் தொங்கவிட்ட பன்னெண்டு உருப்படி, ஒண்ணுல ஒரு நார் பிசிறு இல்லை. பிள்ளைங்களைத்தான் காணோம். குளிக்கப் போயிருக்கும்னு இவன் நினைச்சுக்கிட்டு, மரத்தடியைக் கூட்டிப் பெருக்கி வச்சுட்டுக் காத்திருந்தான்.

பெரியம்மா ஆடி ஆடி வந்தா. மரத்தை அண்ணாந்து பாத்தவ, சட்டுனு குரலைத் தாழ்த்திக்கிட்டு, கூட வந்தவங்களை மெதுவா நடக்கச் சொன்னா. இவனைப் பாத்து, "புள்ளகுட்டியோட நிறைய பேரு குடியிருக்காங்க போல. உன் மரம் எங்கப்பா, இன்னும் ஜோடிக்கலையா?"ன்னு கேட்டா.

"இதுதான் பெரியம்மா என் மரம்! இதெல்லாம் நட்சத்திரம்!"

அவன் சொல்லி வாய் மூடலை, மூணாவது நட்சத்திரத்துல இருந்து ஒரு சில்லைக்குருவி தலையை நீட்டுச்சு. "வீட்டுக்காரண்ணே, மெத்தை அருமை. வாசலை மட்டும் கொஞ்சம் அகலமாக்கிக் கொடுங்க. வீட்டுக்காரிக்கு உடம்பு கனம்."

எப்ப வந்து குடியேறுச்சுங்களோ! பன்னெண்டுலயும் ஆள் இருந்துச்சு. நல்லா இருங்கப்பான்னு பெரியம்மா எல்லாருக்கும் பொதுவா வாழ்த்திட்டு நகந்துட்டா. இவனும் பின்னாலேயே பறந்தான். அவ போனது திரேசம்மா மரத்துக்கு.

அங்க லூர்தும் அமலியும் காக்காக் குஞ்சுங்களோட கிளைக்குக் கிளை தாவிக்கிட்டு இருந்துச்சுங்க. பஞ்சுல ஏதோ ஒண்ணு ஆறு காலோட தொங்குச்சு. இது யாரு செஞ்சதுன்னு பெரியம்மா கேட்டா.

"நான் செஞ்ச தேவதை," அமலி சொன்னா. "காலு நிறைய இருந்தா சீக்கிரம் வந்துரும்ல. அப்பாவுக்குத் தெரியாம செஞ்சேன்."

பெரியம்மா விழுந்து விழுந்து சிரிச்சா, அப்படியே அந்த மரத்தடியிலேயே உக்காந்துட்டா. அமலி கடைசியாச் சொன்ன வார்த்தை சவரியப்பன் காதுல விழுந்துச்சு. அவன் கிளை ஓரத்துல ஒடுங்கி நின்னான். திரேசம்மா அவனைப் பாத்துட்டு, "வாங்கண்ணே. இங்க கண்ணால பாக்கலாம், அலகால பாக்கக் கூடாது"ன்னா.

லூர்து ஒரு நட்சத்திரத்தைக் கட்டப் போராடிக்கிட்டு இருந்தான். நூல் வழுக்கி வழுக்கிப் போச்சு. சவரியப்பனுக்கு அலகு அரிச்சுச்சு. லூர்து அவனைக் கொஞ்ச நேரம் பாத்தான், யோசிச்சான்.

"அப்பா, இந்த நுனியைப் பிடிச்சுக்குங்க. பிடிச்சா மட்டும் போதும்."

பிடிச்சான். பையன் முடிச்சைத் தலைகீழாப் போட்டான். சவரியப்பனுக்குச் சொல்ல ஆயிரம் இருந்துச்சு. ஆனா வாய் நிறைய நூலு, என்னத்தைச் சொல்றது? நட்சத்திரம் கோணலாத்தான் தொங்குச்சு. லூர்து ரெண்டடி தள்ளி நின்னு பாத்துட்டு, நல்லாயிருக்குல்லப்பான்னு கேட்டுக்கிட்டே அப்பன் பக்கத்துல ஒட்டி வந்து உக்காந்தான்.

பிள்ளைங்க கோணலாச் செஞ்சதைப் பெத்தவங்க நிமித்த நிமித்த, பொருள் வீட்டுல அழகா நிக்கும், பிள்ளைதான் அடுத்த வீட்டுக்குப் போயிரும்.