மதகுப் பலகையின் கீழ் ஒரு கவளம்

மனிதர்கள் இரும்பை உருக்கப் பழகி அதிக நாள் ஆகாத காலம் அது. அப்போது ஏழேரி நாட்டைத் தீரவல்லபன் என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். அவனுக்குப் போர் பிடிக்காது. வேட்டை பிடிக்காது. அதனால் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்குப் பிடித்தது ஒன்றுதான்: எந்தப் பொருளாவது லேசாக முனகினால், அதை முழுவதுமாகப் பிரித்துப் போடுவது.

அரண்மனைக்குள் கொல்லன் வரக் கூடாது, தச்சன் வரக் கூடாது. மன்னனே கச்சையை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். "செய்தவனுக்குச் செய்யத்தான் தெரியும். பிரித்தவனுக்குத்தான் உள்ளே இருப்பது தெரியும்" என்பான். பிரிப்பதில் அவனுக்கு நிகர் யாருமில்லை. திரும்பப் பூட்டும்போதுதான் ஏதாவது மிஞ்சும்.

முதலில், தண்ணீர் சொட்டி மணி அடிக்கும் நாழிகைப் பொறியைப் பிரித்தான். பூட்டி முடித்தபோது ஒரு பல்சக்கரம் மிஞ்சியது. மறுநாள் சூரியன் உதிக்கும்போதே பொறி உச்சிவேளை மணியை அடித்தது.

"சூரியன் இப்போதெல்லாம் சோம்பலாக வருகிறான், மன்னா" என்றார் அமைச்சர். அன்று முதல் அரண்மனையில் பல் துலக்கிய கையோடு எல்லோரும் மதியச் சோறு சாப்பிட்டார்கள்.

அடுத்து, கருவூலத்துப் பூட்டைப் பிரித்தான். இரண்டு துண்டுகள் மிஞ்சின. அதற்குப் பிறகு பூட்டை விளக்குமாற்றுக் குச்சியால்கூடத் திறக்க முடிந்தது.

"இனி சாவி தொலையுமோ என்ற கவலையே இல்லை!" என்றார் தளபதி. சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் வாசலில் நாற்பது காவலர்களை நிறுத்தினார்.

மிஞ்சிய துண்டுகளை மன்னன் வெள்ளித் தட்டில் வைத்து சபைக்குக் காட்டினான். "பாருங்கள், செய்தவர்கள் எவ்வளவு வீணாகப் போட்டிருக்கிறார்கள்!" அரசவைப் புலவர் உடனே எழுந்து, மிச்சம் வைக்கத் தெரிந்தவனே மேதை என்று ஒரு பாட்டுப் பாடினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்குத்தானே அவர்களுக்குச் சோறு போட்டது.

இதுவரைக்கும் சரி. பொழுது விடியும்போது சோறு தின்றால் வயிறுதான் மந்தமாகும், உயிர் போகாது. ஆனால் முட்டாள்தனம் அரண்மனைக்குள்ளேயே அடங்கிக் கிடக்குமா?

அந்த நாட்டின் பெரிய ஏரிக்கு ஒரு மதகு இருந்தது. இரும்புப் பட்டை அடித்த கனத்த பலகைதான் அதன் கதவு. கரைமேல் இருந்த உருளையைச் சுற்றினால் சங்கிலி பலகையைத் தூக்கும். ஏரி நிரம்பும்போது பலகையைத் தூக்கித் தண்ணீரை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் கரை உடையும். கரைக்குக் கீழே இருநூறு வீடுகள் இருந்தன.

மதகைக் காத்து வந்தவள் மாடாத்தி என்பவள். ஒரு கோடையில், உலா வந்த மன்னனின் காதில் உருளையின் கிரீச்சொலி விழுந்துவிட்டது. அவன் முகம் மலர்ந்தது.

"மகாராசா, அதுக்கு ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டா வாயை மூடிக்கும்" என்றாள் மாடாத்தி.

"எண்ணெய் விடுவது அறியாதவர்கள் செய்வது" என்று சொல்லி, மன்னன் கச்சையை இறுக்கினான்.

மூன்று நாள் பிரித்தான். மூன்று நாள் பூட்டினான். மூன்று துண்டுகள் மிஞ்சின. அவற்றை மடியில் முடிந்துகொண்டு, வேறு யாரும் பிரிக்கக் கூடாது என்று உருளையின் மூட்டுக்கு அரச முத்திரையும் வைத்தான். கிரீச்சொலி மட்டும் நின்றிருந்தது உண்மைதான்.

மாடாத்தி மிஞ்சிய துண்டுகளைப் பார்த்திருந்தாள். உருளை பின்னால் சுழலாமல் பிடிக்கிற தடைக்கட்டை அவற்றில் ஒன்று. அது இல்லாமல் பலகை மேலே நிற்காது. மழைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. முத்திரையை உடைத்தால் அவள் தலை போகும். உடைக்காவிட்டால் ஊர் போகும்.

அவள் நேராக அரண்மனைக்குப் போனாள். சபையில் கும்பிட்டு நின்றாள்.

"சாமி, எங்க மதகுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தவங்க, தூக்கின பலகைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கவளம் சோறு சாப்பிடணும். அதுக்கு அப்புறம்தான் ஊர் அதை ஏத்துக்கும்."

"ஒரு கவளமா? விருந்தே சாப்பிடுவேன்!" என்றான் மன்னன். சபை கைதட்டியது.

மறுநாள் ஊரே கரையில் கூடியது. ஏரி வற்றிக் கிடந்தது. இரண்டு பேர் உருளையைச் சுற்ற, பலகை எழும்பியது. கீழே கல்லின் மேல் வாழை இலை போட்டுச் சோறு வைத்தார்கள். மன்னன் சிரித்துக்கொண்டே குனிந்தான். அப்போது சங்கிலி ஒரு சாண் நழுவியது. சுற்றியவர்கள் பல்லைக் கடித்து இழுத்துப் பிடித்தார்கள்.

மன்னன் நிமிர்ந்தான். கை தானாக மடியைத் தொட்டது.

"அமைச்சரே, என் சார்பில் நீர் உட்காரும்."

"எனக்கு விடியற்காலையிலேயே சாப்பாடு ஆகிவிட்டதே, மன்னா."

"தளபதி?"

"தங்களைத் தொலைவில் நின்று காப்பதுதான் என் கடமை, மன்னா." சொல்லும்போதே அவர் தொலைவில்தான் இருந்தார்.

"புலவரே?"

புலவருக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. அத்தனை காலமும் கட்டாத தொண்டை.

மன்னன் மாடாத்தியிடம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது. "இது நிற்கும்தானே?"

"பூட்டினது நீங்க. எங்கிட்ட கேட்டா?" என்றாள் அவள். "நீங்க ஒரு கவளம் சாப்பிடுற நேரத்துக்கே இப்படி யோசிக்கிறீங்க, சாமி. நாங்க இருநூறு வீடு இதுக்குக் கீழேதான் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோம்."

மன்னன் அண்ணாந்து பலகையைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். கடைசியில், தன் வாழ்நாளில் சொல்லாத சொல்லை, முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"எனக்குத் தெரியாது."

மடியை அவிழ்த்து மூன்று துண்டுகளையும் அவள் கையில் போட்டான். தன் முத்திரையைத் தானே உடைத்தான். மாடாத்தி வேலையை முடிக்க அரைப் பொழுதுகூட ஆகவில்லை. கடைசியில் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டாள்.

மன்னன் அதோடு திருந்திவிட்டானா என்று கேட்கிறீர்கள். அடுத்த வாரமே பல்லக்கைப் பிரித்தான். மதகைக் காத்த மன்னன் என்று புலவர் நூறு பாட்டு எழுதினார். அரண்மனைகள் அப்படித்தான். அவற்றைப் பார்த்துச் சிரிக்கிற நாமும், கைதட்டும் கூட்டத்தில் ஒருநாளும் நின்றதில்லையா என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

ஆனால் அன்று, பலகை மீண்டும் எழும்பியபோது, மாடாத்தி கீழே போய்க் கல்லில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டாள். மேலே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "குழம்பு இருக்கா? இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று இலையை முன்னால் நகர்த்தினாள்.

தான் பழுது பார்த்ததன் கீழே உட்காரத் தானே அஞ்சுகிறவன், அதன் கீழே பிறரைக் குடியிருக்கச் சொல்லக் கூடாது.