கடைசி வீட்டுத் தண்ணீர்

சாலோம்புரம் சபையில் வேதபாடம் நடத்தியவர் எப்சிபா. வயது முப்பத்தெட்டு. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் சத்தியநேசன். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் வேதத்தைக் கருத்தாக வாசிக்கத் தொடங்கியிருந்தார். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

வருகிற ஞாயிறு பிரசங்கம் செய்யும்படி சபையில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அதுதான் முதல் தடவை. எசேக்கியேல் தீர்க்கதரிசி மேய்ப்பர்களைக் கண்டிக்கும் முப்பத்துநாலாம் அதிகாரத்தைப் பேச எடுத்துக்கொண்டார். மந்தையைப் பட்டினி போட்டுவிட்டுத் தங்கள் வயிற்றை வளர்த்த மேய்ப்பர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எப்சிபாவின் வீட்டுக்கு வந்தார்.

“டீச்சர், மேய்ப்பர்கள்னா நாட்டை ஆண்டவங்கதானே?”

“ஆமா.”

“அப்போ இன்னைக்கு அது யாரைப் பத்தினது? நம்ம பஞ்சாயத்துத் தலைவரா, அதுக்கும் மேல உள்ளவங்களா?”

“அதிகாரம் முழுக்க வாசிச்சீங்களா அண்ணாச்சி?”

“பதினாறாம் வசனம் வரைக்கும். பேச வேண்டியது அதுக்குள்ளயே கிடைச்சிட்டு.”

எப்சிபா செருப்பை மாட்டிக்கொண்டார். “வேதாகமத்தை எடுத்துக்கிட்டு வாங்க. கொஞ்சம் நடந்துட்டு வருவோம்.”

சத்தியநேசன் குடியிருந்த தெருவுக்கே கூட்டிப்போனார். அவர் வீடு தெருவின் தொடக்கத்தில். எப்சிபா அதைத் தாண்டி நடந்தார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருந்தும் தெருவின் மறுகோடிக்குச் சத்தியநேசன் போனதில்லை. இது எதற்கு என்று யோசித்தபடியே பின்னால் போனார்.

கடைசி வீட்டில் பாக்கியத்தாய் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“பாக்கியம், குடிக்கத் தண்ணி தாயேன். சாருக்கும்.”

அவள் தயங்கினாள். பிறகு இரண்டு தம்ளர்களில் கொண்டுவந்தாள். “காய்ச்சித்தான் வச்சிருக்கேன். ஆனா கலங்கலா இருக்கும்.”

சத்தியநேசன் தம்ளருக்குள் பார்த்தார். தண்ணீர் பழுப்பாக இருந்தது.

“ஒரே பைப்தானே? இங்க மட்டும் ஏம்மா இப்படி?”

அவள் எப்சிபாவைப் பார்த்தாள். எப்சிபா, “சொல்லு” என்றார்.

“மேல் வீடுகள்ல மோட்டார் வச்சு உறிஞ்சுதாங்க சார். அது நின்ன பெறகு வர்றதுதான் எங்களுக்கு. பைப்புல அங்கங்க ஓட்டை. சாக்கடையும் கலந்துருது. சின்னவளுக்குப் போன மாசம் மஞ்சக்காமாலை. பொழைப்பாளோ மாட்டாளோன்னு பத்து நாள் ஆஸ்பத்திரியில கெடந்தோம்.”

யார் வீட்டு மோட்டார் என்று அவள் சொல்லவில்லை. சத்தியநேசன் கேட்கவும் இல்லை. தெருவில் முதன்முதலில் மோட்டார் வைத்தவர் அவர்.

“பதினேழாம் வசனத்துல இருந்து வாசிங்க அண்ணாச்சி.”

நின்றபடியே வாசித்தார். அங்கே கர்த்தர் மேய்ப்பர்களை விட்டு ஆடுகளின் பக்கம் திரும்புகிறார். கொழுத்த ஆடுகளைக் கேட்கிறார்: தெளிந்த தண்ணீரை நீங்கள் குடித்தது போதாதா, மிச்சத்தையும் காலால் கலக்கிவிட வேண்டுமா?

சத்தியநேசன் அதோடு நிறுத்தினார். புத்தகத்தை மூடினார். கையிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

வீட்டுக்குப் போனதும் மோட்டாரைக் கழற்றினார். அவருடைய மனைவி, “தண்ணி எப்படி வரும்?” என்று கேட்டார்.

“எல்லாருக்கும் வர்ற மாதிரி வரும்.”

மறுநாள் அவர் வீட்டில் தண்ணீர் நூலாக வந்தது. கடைசி வீட்டில் முன்பைவிடக் கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான். மற்ற மோட்டார்கள் நின்ற பிறகும் அப்படித்தான். ஊர்த் தொட்டி நிறைந்திருக்கிறதே, தண்ணீர் எங்கேதான் போகிறது? அவருக்கு அது பிடிபடவில்லை. வியாழக்கிழமை பைப் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டி வரைக்கும் நடந்தார்.

வெள்ளிக்கிழமை எப்சிபாவிடம் வந்தார். செருப்பெல்லாம் செம்மண்.

“தொட்டிக்குக் கீழேயே ஒரு பைப் பிரியுது டீச்சர். மண்ணுக்குள்ள பதிச்சிருக்கு. நேரா தலைவரோட வாழைத்தோப்புக்குப் போகுது. பதிச்சு எட்டு வருஷம் இருக்கும்ங்கிறாங்க.”

“எட்டு வருஷமா உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“ஏன்?”



“எனக்குத் தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சே.”

எப்சிபா ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“ஞாயித்துக்கிழமை தலைவரும் கோயிலுக்கு வருவாரு. முன்வரிசையில இருப்பாரு. நான் பேசத்தான் போறேன். மோட்டார் வச்சதையும் சொல்லிட்டுத்தான் பேசுவேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல டீச்சர். தீர்க்கதரிசி சொன்னது அவரைப் பத்தியா, என்னைப் பத்தியா?”

“ரெண்டு பேர்கிட்டயும் சொன்னதுதான் அண்ணாச்சி. சொன்னது பாக்கியத்தோட மகளைப் பத்தி.”