ரூபா கன்னு போட்ட கதை

உக்காருங்கப்பா, உக்காருங்க. கவுத்தைக் கையில புடிச்சுக்கிட்டே உக்காருங்க, மாடு எங்கயும் போயராது. அங்க யாரு பேசறது? டீயைக் குடிச்சுட்டு வாயை மூடு. நாச்சிமுத்து யாவாரி வெலை பேசிக்கிட்டு இருக்கறேன்.

சந்தைக்குப் புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிப்போடறேன். இந்தத் துண்டுக்கு அடியில என்ற கையும் மாட்டுக்காரன் சென்னியப்பன் கையும் இருக்குது. மாட்டு வெலையை நாங்க வாயில சொல்றதில்ல. நாப்பதாயிரத்துல ஆரம்பிச்சிருக்கறேன். ஒருக்கா அவன் விரலை நான் அமுக்குனா ஓராயிரம் ஏத்தறேன்னு அர்த்தம். அமுக்குனா அமுக்குனதுதான், சாமியே வந்தாலும் திருப்ப முடியாது.

இவனுக்கு நாப்பத்தெட்டு வேணுமாமா. கெணத்து மோட்டாரு காயில் புகைஞ்சு போச்சு, மஞ்சக் காடு காயுது, அதனால நாப்பத்தெட்டு. ஏன் சென்னியப்பா, மோட்டாரு புகைஞ்சா அதுக்கு மாடு என்ன பண்ணும்? காலையில இருந்து ஒரே ஒரு “ஊம்”தான் வந்திருக்குது. இவங்கிட்ட வெலை பேசறது சொவத்துகிட்டப் பொண்ணு கேக்கற மாதிரி. சரி, இவன் மனசு எறங்கற வரைக்கும் காசுன்னா என்னன்னு சொல்றேன், கேளுங்க.

“காசைப் பத்தி உனக்கென்ன தெரியும்? மூணாப்பே தாண்டலியே நீ!”

யாரு, மினிலாரி செங்கோட்டனா? மூணாப்பு எதுக்குடா? காசைக் கண்டுபுடிச்சதே எங்க அப்பாருதான்.

காசு பொறக்காத காலம். எங்க அப்பாரு ஒரு கட்டு பீடி வாங்கப் போனாரு. கையில இருந்தது ஒரே ஒரு யானை. கடைக்காரன் மூக்கால பேசறவன். “ஏனுங் பெரியவரே, காலங்காத்தால முழு யானையை நீட்டறீங்களே, சில்லறையா இல்லீங்ளா?” எங்க அப்பாருக்குத் தகர டப்பாக் கொரலு. “இருக்கறதைக் குடுறா!” அவனும் மீதிக்கு ரெண்டு எருமை, பதினோரு ஆடு, ஒரு சேவலு குடுத்தான். அப்பவும் கொஞ்சம் பாக்கி. இப்ப மிட்டாயைத் தள்ளி விடறாங்கல்ல? அன்னைக்கு மிட்டாயும் கெடையாது. அவன் மாமியாளைக் குடுத்துட்டான்.

“மாமியாளையா!”

ஆமாங்கறேன். அந்தம்மா வீட்டுக்கு வந்த மூணாம் நாளே எங்க அப்பாரு கண்ணுல தண்ணி. செம்புத் தகட்டை வட்ட வட்டமா வெட்டுனாரு. “இனிமே பாக்கிக்கு இதைக் குடுங்கடா, மாமியாளைக் குடுக்காதீங்கடா”ன்னு ஊரு பூரா வீசுனாரு. இப்புடி, இப்புடி, இப்புடி! அதுதான் மொதக் காசு.

“துண்டு ரொம்ப ஆடுது யாவாரி.”

ஆடட்டும்டா. கை ஆடாம எனக்கு வாய் ஆடாது.

காசுக்கு மாட்டோட கொணம். கட்டிப் போடலேன்னா ஓடிரும். ஒருக்கா ஒரு நூறு ரூவா நோட்டுக்கு மூக்கணாங்கவுறு போட்டு முளைக்குச்சியில கட்டுனேன். திரும்பிப் பாத்தா குச்சியையும் இழுத்துக்கிட்டுப் பிராந்திக் கடை வாசல்ல நிக்குது! காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்து, நல்ல வாட்டசாட்டமான ஐநூறு ரூவா நோட்டோட சேத்து விட்டேன். பத்து மாசத்துல வயிறு தொங்கிருச்சு. நாந்தான் பிரசவம் பாத்தேன். இப்புடி மெல்ல அமுக்கி, மறுக்கா அமுக்கி... ஏழு பத்து ரூவா நோட்டு! ஒடம்பு ஈரங்கூடக் காயல, நாலு மூலையும் ஊனி எந்திரிச்சு நின்னுருச்சுங்க. அதுக்குத்தான் வட்டின்னு பேங்குக்காரன் பேரு வெச்சான்.

“பால் குடுத்துச்சா?”

குடுக்காம? வேளைக்கு ரெண்டு லிட்டரு சில்லறை. சொம்புல சர்ரு, சர்ரு, சர்ருன்னு ஒரு ரூவாத் துட்டா விழுகும். கறந்து கறந்து இந்தக் கட்டைவெரலு காச்சுப் போச்சு.

“இனிமே காசு என்ன ஆகும், அதைச் சொல்லு.”

அதையும் பாத்துட்டுத்தான் வந்தேன். போன வியாழக்கெழம டவுன் பஸ்ஸுல தூங்கிட்டேன். எறங்கற எடம் தாண்டி நூறு வருசம் போயிருச்சு. அங்க நோட்டும் இல்ல, போனுல காட்டற கட்டம் போட்ட படமும் இல்ல. கண்ணைச் சிமிட்டுனாப் போதும், ஒரு சிமிட்டு பத்து ரூவா. வடைக்கு ஒண்ணு, டீக்கு ஒண்ணரை. அந்த நேரம் பாத்துக் கண்ணுல தூசி விழுந்துச்சுங்க. படபடன்னு சிமிட்டிட்டேன். தூசி போறதுக்குள்ள பஸ்ஸு, டிரைவரு, கண்டக்டரு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் என்ற பேருக்கு வந்துருச்சு! “வேண்டாஞ்சாமி”ன்னேன். ஒரு ஆபீசரு வெறைச்சுக்கிட்டு, “சிமிட்டுனா சிமிட்டுனதுதான்”ங்கறான். வெவரங்கெட்ட ஊரு, எங்க சந்தைக்கு வந்து கத்துக்கங்கடான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

“அப்ப அந்த பஸ் ஸ்டாண்டு எங்க?”

அதை வித்துத்தாண்டா செங்கோட்டா திரும்பி வர டிக்கெட்டு எடுத்தேன். நூறு வருசத்துக்கு டிக்கெட்டு என்ன சும்மாவா?

அட, சென்னியப்பன் சிரிக்கறான் பாருங்க! மனசு எறங்கிருச்சு. நாப்பதுக்கே முடிச்சுக்கலாமா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு சாமி.

“நாப்பது நீங்க ஆரம்பிச்சதுங்க. நோட்டுக்குப் பிரசவம் பாத்தப்பவே நாப்பத்தெட்டு வந்துருச்சு. பால் கறந்ததுல அம்பத்தாறு. கதையை நிறுத்திக்கங்க யாவாரி, இதுக்கு மேல என்ற மாடு தாங்காது.”