கலாபன் பிடித்த தினை உருண்டை

காட்டோரத்து மருத மரத்தில் கலாபன் என்றொரு மயில் தங்கியிருந்தது. மரத்தடியில் நரி சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பொழுது சாய்வதற்குள் கலாபன் கிளைக்குப் பறந்துவிடும்.

கலாபனுக்குத் தினை உருண்டை என்றால் உயிர். குஞ்சாக இருந்தபோது, மழை பெய்து உடம்பு நடுங்கினால், அம்மா மயில் தினையை நுணுக்கித் தேன் சொட்டப் பிசைந்து ஒரே ஒரு உருண்டை ஊட்டும். வளர்ந்தும் அந்த ருசி விடவில்லை. தானே பிடித்துத் தின்றது. ஒருநாள் கிளைக்குப் போனதும் மூச்சு வாங்கியது.

"தேனைக் குறைச்சுக்கோங்க அண்ணே," என்றது பக்கத்துப் பொந்து மைனா.

கலாபன் யோசித்தது. தினையைச் சுனையில் ஊறவைத்து முளைகட்டியது. தேனுக்குப் பதிலாக ஈச்சம்பழத்தை மிதித்துச் சேர்த்தது. உருண்டை நன்றாகவே வந்தது.

உடம்புக்கு நல்லதாயிற்றே, பிறகென்ன கணக்கு? காலையில் தின்றது. உச்சிவேளையில் தின்றது. இடையில் பசிக்காமலும் தின்றது.

சில நாளில் கலாபனுக்கு ஒன்றும் புரியவில்லை. எம்பினால் கிளை எட்டவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் தொற்றி ஏற முடிந்தது.

"மைனா, இந்த மரம் வளர்ந்துவிட்டதா?"

"இல்லையே. என் பொந்து இருந்த இடத்தில்தானே இருக்கு!"

"அப்படியானால் கிளை ஏன் மேலே போகுது?"

"கிளை எங்கேயும் போகலை. உருண்டை எத்தனை சாப்பிடுறீங்க அண்ணே?"

"அதில் தேனே கிடையாது. அதைச் சொல்லாதே," என்று கலாபன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் மனசுக்குள் குழப்பம் தீரவில்லை. நல்லதைத்தானே தின்கிறோம், ஏன் இப்படி?

கீழே கேட்டுக்கொண்டிருந்த நரி இளித்தது. "மகாராஜா, உங்க தோகையைப் பாருங்க. எவ்வளவு நீளம், எவ்வளவு பாரம்! அதுதான் இழுக்குது. மழைக்காலம் முடிஞ்சா எப்படியும் உதிர்ந்துடும். அதுவரை தெம்பா சாப்பிடுங்க."

தோகையைப் புகழ்ந்தால் எந்த மயிலுக்குத்தான் கசக்கும்? கலாபனுக்கு நிம்மதியாகிவிட்டது. அன்றைக்கு இன்னும் இரண்டு உருண்டை கூடத் தின்றது.

மழைக்காலம் முடிந்தது. தோகை இறகு இறகாக உதிர்ந்தது. கடைசி இறகு விழுந்த மாலை, கலாபன் உற்சாகமாக இறக்கையை விரித்தது.

"இன்றைக்குப் பார் மைனா, ஒரே எம்பு!"

எம்பியது. பாதி மரம்கூட ஏறவில்லை. தொப்பென்று கீழே விழுந்தது. மறுபடி எம்பியது, மறுபடி விழுந்தது.

"அண்ணே, புதருக்குள்ளே ஓடுங்க!" என்று மைனா கதறியது.

கலாபன் ஓடவில்லை. உதிர்ந்த தோகையையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தபடி திகைத்து நின்றது. அதற்குள் நரி பாய்ந்து காலைக் கவ்விக் கீழே அமுக்கியது.

"தோகைதான் போய்விட்டதே," என்றது கலாபன், வலியிலும் குழப்பம் தீராமல். "நான் உடம்புக்கு நல்லதைத்தானே சாப்பிட்டேன்?"

நரி முன்னங்கால்களால் அமுக்கியபடியே, கவ்விய காலை விட்டுவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டியது.

"ஆமாம் மகாராஜா, ரொம்ப நல்லதுதான். என் உடம்புக்கு!"

அடுத்த நொடி அது கழுத்தைக் கவ்வியது. அன்று முதல் மருத மரத்துக் கிளை வெறுமையாகவே கிடந்தது.

எதைச் சாப்பிடுகிறோம் என்று பார்த்தால் மட்டும் போதாது, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்றும் பார்க்க வேண்டும்.