தளவாயின் குடியிருப்பு விதி

மேல்மலைக் கோட்டையின் வாயிற்காவலன் மாசிலான், நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியோடு மதிலுக்கு வெளியே ஒரு புங்கமரத்தடியில் குடியிருந்தான். மழைக்காலம் நெருங்கவே, வீரர்களின் குடியிருப்பில் ஓர் அறை கேட்டுத் தளவாய் வீரகேசரியிடம் போனான்.

"ஊரில் உனக்குச் சொந்த வீடு இருக்கிறதல்லவா?"

"இருக்கிறது ஐயா. ஆனால் ஊர் நெடுந்தொலைவில் இருக்கிறது."

"தொலைவைப் பற்றி விதியில் ஒன்றுமில்லையடா. சொந்த வீடு உள்ளவன் எவனும் கோட்டைக்குள் தங்கக் கூடாது. அரசரே வந்தாலும் விதி விதிதான்!"

"உத்தரவு ஐயா" என்று மாசிலான் காவலுக்குத் திரும்பினான்.

மறுநாள் மாலை கோட்டையைப் பார்வையிட்டு இரவு தங்க அரசர் வந்தார். தளவாய் ஓடிவந்து வரவேற்றார். மாசிலானோ வணங்கிவிட்டுக் கையிலிருந்த ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"மகாராஜா, தலைநகரில் தங்களுக்குச் சொந்த அரண்மனை உண்டல்லவா?"

"உண்டு. அதற்கென்ன?"

"அப்படியானால் தாங்கள் உள்ளே தங்க இயலாது. தளவாய் ஐயாவின் விதி. அதோ, அந்த மரத்தடியில் இடமிருக்கிறது. என் மனைவி சற்று நகர்ந்துகொள்வாள்."

"அடே மடையா! அந்த விதி உன்னைப் போன்றவர்களுக்கடா!" என்று தளவாய் பதறினார்.

மழை தூறத் தொடங்கியது. அரசர் மரத்தடியில் இருந்தவளைப் பார்த்தார்; பிறகு தளவாயைப் பார்த்தார்.

"உமக்குச் சொந்த வீடு உண்டா?"

"தலைநகரில்... மூன்று, மகாராஜா."

"என் வீரர்களுக்கும் எனக்கும் அந்த விதியை இப்போதே நீக்குகிறேன். உமக்கு நாளைக் காலையில் நீக்குகிறேன்."

மாசிலான் ஈட்டியை விலக்கினான். மனைவியைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போகையில் தளவாயிடம் பணிவோடு சொன்னான்:

"பாயை அங்கேயே விட்டிருக்கிறோம் ஐயா."