முதல் எழுத்து வராத எழுத்தன்

முன்னொரு நாள், இட்லிக்கென்று கரைத்து வைத்த மாவுச் சட்டிக்குள் ஒரு பாக்டீரியா இருந்தது. சீக்கிரமே அது இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்குள் அதன் டி.என்.ஏ. இழை முழுவதையும் நகல் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கதை கந்தல்.

நகல் எழுதும் நொதியின் பெயர் பாலிமெரேஸ். இழையின் எழுத்துகளை நொடிக்கு நூற்றுக்கணக்கில் எழுதுவான். தப்பு விழுந்தால் ஒரு அடி பின்னால் போய்த் தானே அழித்துத் திருத்துவான். இந்த இரண்டையும் அவன் சொல்லிச் சொல்லி, கேட்கிறவர் காதில் ரத்தம் வராத குறை.

அன்றைக்கு, முறுக்கிக் கிடந்த இழையைப் பிரித்துக்கொண்டே வந்தார் ஹெலிகேஸ் என்னும் மூத்த நொதி. கூடவே பிரைமேஸ் என்னும் சின்ன நொதியும் வந்தாள். அவள் போடுவது பத்தே பத்து எழுத்து. அதையும் பிறகு அழித்துவிடுவார்கள்.

"பத்து எழுத்துக்கு ஒரு ஆளா? நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றான் பாலிமெரேஸ். அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

அவன் ஒரு எழுத்தை எடுத்து ஒட்டினான். விழுந்தது. மறுபடி ஒட்டினான். மறுபடியும் விழுந்தது. முன்னால் ஒரு எழுத்து இருந்தால்தான் அதன் வாலில் அடுத்ததைக் கோக்க அவனுக்கு வரும். இத்தனை நாளும் அவள் போட்டதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. 'நொடிக்கு நூறாம் நூறு. ஒண்ணு போட வக்கில்லை' என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"என்ன தம்பி, இழை வெறுமனே கிடக்கு. இப்படியே விட்டா அறுந்துபோகும். செல்லு செத்துரும்" என்றார் ஹெலிகேஸ்.

பாலிமெரேஸ் வெட்கம் பார்க்காமல் பிரைமேஸிடம் போய் நின்றான். "தப்பு என்மேலதான்மா. எனக்கு ஆரம்பிக்கத் தெரியாது. வந்து பத்து எழுத்து போட்டுக் குடு."

"அது எனக்குத் தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே வந்து போட்டாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு பறந்தான். அவள் அடுத்த இடத்தில் ஆரம்பித்து வைக்கப் போய்விட்டாள். பின்னாலேயே அவன் தம்பி, இன்னொரு பாலிமெரேஸ், வந்து, அவள் எழுத்துகளை அழித்துத் தன் எழுத்தால் நிரப்பினான். அவள் போட்டது ஆர்.என்.ஏ. எழுத்து, டி.என்.ஏ. இழையில் அது தங்கக்கூடாது; செல்லின் சட்டம் அப்படி.

செல் பிழைத்தது, இரண்டாகப் பிரிந்தது. புதிதாகப் பிறந்த செல் தன் நகலை ஒரு எழுத்து விடாமல் பார்த்துவிட்டு, "முழுக்க நீங்க எழுதினதா மாமா?" என்றது.

"ஆரம்பிச்சு வச்சது பூராவும் பிரைமேஸ்" என்றான் பாலிமெரேஸ்.

"அவங்க எழுத்து ஒண்ணுகூடக் காணோமே."

"எப்படி இருக்கும்? அழிச்சதும் எங்க வீட்டு ஆளுதான்."