காய்ச்சலில் சொன்னது

திரவியம் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடைக்கரை மடத்துக்குத் திரும்பியபோது நெஞ்சில் சளி இல்லை. மண்டையில் ஒரு கேள்வி இருந்தது.

நிமோனியா. பதினாறு நாள் படுக்கை. அதில் நான்கு நாள் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். வீட்டுக்கு அனுப்பும் அன்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பாலம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

"நல்லா இருங்க அண்ணாச்சி. ஆனா அந்தச் சாமியை நீங்க பேசின பேச்சு இருக்கே! ஏலே, வாலேன்னு... வார்டே திரும்பிப் பாத்துச்சு."

"எந்தச் சாமியை?"

"உங்களுக்குத் துணைக்கு இருந்தாரே, தாடிக்காரச் சாமி. அவரைத்தான்."

"என்ன பேசினேன்?"

"அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

பற்ற வைப்பதைப் பற்ற வைத்துவிட்டு, ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போய்விட்டாள் மகராசி.

திரவியத்துக்கு அறுபத்து மூன்று வயது. அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டர். ஓய்வு பெற்றதும் மகள் வீட்டுக்குப் போகாமல் இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த அவருடைய குருவுக்கு நாற்பது வயதுதான். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரைச் சாமி என்பார். ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட இவர் அவர் எதிரில் குரலை உயர்த்தியதில்லை. அப்படிப்பட்ட மனிதர் 'ஏலே' என்றாராம்.

வந்த மறுநாளே கேட்டார்.

"சாமி, காய்ச்சல்ல உங்களை என்ன சொன்னேன்?"

"கஞ்சி ஆறுது, அண்ணாச்சி."

மூன்றாம் நாள் வேறு வழியாக வந்தார்.

"தப்பா எதும் சொல்லியிருந்தா மன்னிக்கணும்."

"எதை?"

"அது தெரியலையே சாமி."

"தெரியாமலே மன்னிப்புக் கேக்கீய. வாங்கி எங்க வைப்பீய?"

இது அவரை இன்னும் குழப்பிவிட்டது. தனக்குத் தெரியாது, சரி. சாமிக்குத் தெரியுமே! தெரிந்தவர் மன்னித்துத் தொலைத்தால் என்ன? சாமி முகத்தில் கோபமும் இல்லை. கோபம் இல்லாதது நல்லதற்கா கெட்டதற்கா என்றும் புரியவில்லை.

பேசியது நோய், நானில்லை என்று காலையில் தேற்றிக்கொள்வார். நோய்க்கு எப்படி என் ஊர்ப் பேச்சு தெரியும் என்று மத்தியானம் தோன்றும். பேசியது நான்தான் என்றால், ஐந்து வருஷமாகக் கைகட்டி நின்ற ஆள் யார்? நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் உடம்பை வைத்துக்கொண்டு இத்தனையும் யோசிக்க வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசியில் மகள் செண்பகத்துக்குப் போன் போட்டார்.

"என்னை வந்து கூட்டிட்டுப் போம்மா."

"லீவு கிடைக்கணும்பா. அடுத்த வாரம் கழிச்சு ஞாயிற்றுக்கிழமை வாரேன். எத்தனை நாளைக்கு?"

"ஒரேயடியாத்தான்."

போனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மடத்தை விட்டால் அவருக்கு எங்கேயும் ஒட்டாது. ஆனால் எந்த முகத்தோடு இங்கே இருப்பது?

சாமியிடம் போய் நின்றார்.

"செண்பகம் வாரா. நான் கெளம்புதேன்."

"போயிட்டு வாங்க."

இரு என்று ஒரு வார்த்தை வரும் என நினைத்திருந்தார். வரவில்லை.

"போறதுக்கு முந்தி அதை மட்டும் சொல்லிருங்க, சாமி."

சாமி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கருவியை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியது. குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் உள்ளே இருக்கும் மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். தினமும் செய்யச் சொல்லியிருந்தார்கள். திரவியம் வந்த நாளிலிருந்து அதைத் தொடவே இல்லை.

"மூணு பந்தும் மேல ஏறட்டும். சொல்லுதேன்."

"இது என்ன சாமி, சின்னப்பிள்ளை வெளையாட்டு?"

"அப்ப விடுங்க."

விடுவாரா? வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இழுத்தார். முப்பது வருஷம் விசில் ஊதிய நெஞ்சு அது. ஊதச் சொன்னால் ஊதியிருக்கும். இழுக்கச் சொன்னால் திணறியது. முதல் பந்து ஒரு துள்ளு துள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. இருமல் வந்ததுதான் மிச்சம். சமையற்கட்டுப் பூனை வந்து பந்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, போய்விட்டது.

ஒரு வாரத்தில் இரண்டாவது பந்து ஏறியது. மூன்றாவது அசைவேனா என்றது. சனிக்கிழமை வரைக்கும் அதே கதைதான். பந்தைத் திட்டினார், பாலம்மாளைத் திட்டினார். இழுப்பதை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றும் ஏறின.

ஓட்டமும் நடையுமாகப் போனார். சாமி ஓடையில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். திரவியம் கரையிலேயே நின்று இழுத்துக் காட்டினார்.

"பயிற்சி செய்ய வைக்கத்தான அப்படிச் சொன்னீய?"

"அதுக்கும்தான். கேட்டா உங்களுக்கு மூச்சு வாங்கும். அதுக்கும்தான்."

"சொல்லுங்க."

"'ஏலே'ன்னு ஆரம்பிச்சீய."

"ஐயோ."

"'உனக்கு ஒரு எழவும் தெரியாதுலே. தெரிஞ்சா இந்நேரம் எனக்கு எதாவது சொல்லியிருக்க மாட்டியா? அஞ்சு வருஷமா உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன். நான் சாகப் போறேன், இப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியே. போலே'ன்னீய."

திரவியம் கரைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். மேட்டில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

"அது காய்ச்சல் சாமி. சத்தியமா நான் இல்ல."

சாமி வேட்டியை முறுக்கிப் பிழிந்தார்.

"நான்தானா?"

சாமி வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியல சாமி. நான் போறதா, இருக்கதா? அதையாவது சொல்லுங்க."

"நீங்க சொன்னதையே போட்டுக் கொடையுதீய. அதுக்கு நான் என்ன சொன்னேன்னு ஒரு தடவையாவது கேட்டீயளா?"

"என்ன சொன்னீய?"

"'ஆமா அண்ணாச்சி, எனக்குத் தெரியாது'ன்னேன். மூணு நாளாக் கண்ணை மூடாம கட்டில் கம்பியைப் பிடிச்சு உலுக்கிக்கிட்டு இருந்தீய. அதைக் கேட்ட பெறவுதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குனீய."